ஓரங்க நாடகம் எழுதும் வரிசை: வசனம் ஏன் கடைசியில் வர வேண்டும்

முதன்முறை நாடகம் எழுத உட்காருகிறவர் பெரும்பாலும் ஒரு பாத்திரத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, நேராகப் பேச விட்டுவிடுகிறார். மூன்று பக்கம் நன்றாக ஓடும். நாலாம் பக்கத்தில் பேச எதுவும் மிஞ்சாது. உடனே போன் அடிக்கும், அல்லது யாராவது கதவைத் தட்டுவார்கள். அந்தத் தட்டல் கதைக்கு வேண்டியிருந்ததால் வந்ததல்ல, எழுதியவர் திணறியதால் வந்தது.

அரிஸ்டாட்டில் நாடகத்தின் உறுப்புகளை ஆறாகச் சொல்லும்போது கதைக்கட்டை முதலிலும், பாத்திரத்தை இரண்டாவதாகவும், கருத்தை மூன்றாவதாகவும் வைத்தார். பேச்சுமொழி நாலாவதுதான். பாட்டும் காட்சியலங்காரமும் அதற்குப் பின். எழுதும் வரிசையும் கிட்டத்தட்ட இதுவே.

இங்கே 35 நிமிடம் ஓடும் ஓரங்க நாடகம் ஒன்றை அடியிலிருந்து கட்டிக் காட்டுகிறோம். நாலு பாத்திரங்கள், ஒரே இடம். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆன வீடு. அண்ணன் முருகேசன், திருப்பூரிலிருந்து திதிக்கு வந்திருக்கும் தங்கை செல்வி, அம்மா, பத்திரம் எழுதுபவர்.

1. மேடையின் கணக்கை முதலில் வாங்குங்கள்

நாடகத்தை நடத்தப்போகிறவர்களிடம் நாலு கேள்விகள் கேளுங்கள். மொத்த நேரம் எவ்வளவு, அதில் மேடை அமைக்கும் நேரமும் சேர்ந்ததா? மேடைக்கு எந்தப் பக்கங்களில் வழி இருக்கிறது? மைக் தொங்குகிறதா, முன்னால் நிற்கிறதா, சட்டையில் குத்துவதா? விளக்கை முழுதாக அணைக்க முடியுமா?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பகல் மூன்று மணிக்கு நாடகம் என்றால் இருட்டு என்பதே கிடையாது. ‘விளக்கு அணைகிறது, அடுத்த காட்சி’ என்று எழுதியிருந்தால், இரண்டு பையன்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை ஊரே பார்க்கும். இருட்டு இருக்கும் அரங்கிலும் ஒரு காட்சி மாற்றத்துக்கு அரை நிமிடம் போய்விடும். ஆறு மாற்றம் வைத்தால் மூன்று நிமிடம் மக்கள் இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் செல்போன் வெளியே வந்துவிடும். 35 நிமிட நாடகத்துக்கு ஒரே காட்சி, ஒரே இடம் போதும்.

முன்னால் நிற்கும் மைக் மட்டும்தான் என்றால் கிசுகிசுப்புக் காட்சி வேண்டாம். பின்வரிசைக்கு அது வாயசைவாக மட்டும் தெரியும்.

ஆள் கணக்கிலும் கறாராக இருங்கள். நடிக்கிறேன் என்றவர்களை எண்ணாதீர்கள். ஒத்திகைக்கு வரக்கூடியவர்களை எண்ணுங்கள்.

2. மோதலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யாருக்கு என்ன வேண்டும், எதற்குள் வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்: இந்த மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். நம் நாடகத்துக்கு இப்படி: ‘பதினொன்றரை மணி டோக்கனுக்குச் சார்பதிவாளர் அலுவலகம் போவதற்குள், வீட்டை முருகேசன் பேருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் செல்வியின் கையெழுத்து வேண்டும், அவள் மறுக்கவும் இல்லை, போடவும் இல்லை.’

புதியவர்கள் இந்த இடத்தில் கருப்பொருளை எழுதிவிடுகிறார்கள். ‘பெண்ணுக்குச் சொத்துரிமை’, ‘முதியோர் நலம்’ என்று. அது கருத்து, மோதல் ஆகாது. நடிகரிடம் ‘பெண்ணுரிமையை நடி’ என்று சொன்னால் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியாது. ‘பேனாவை அவள் கையில் கொடுக்கப் பார்’ என்றால் உடனே தெரியும்.

எதிர்நிற்பவரைக் கெட்டவராக்காதீர்கள். முருகேசனுக்குக் கடன் இருக்கிறது, வீட்டை வாங்க வந்தவரிடம் இரண்டு லட்சம் அட்வான்ஸும் வாங்கிவிட்டான். அவன் பக்கம் நியாயம் எவ்வளவு கனமோ, நாடகமும் அவ்வளவு கனம். அவன் குடிகாரன் என்று எழுதிய நொடியில் பார்ப்பவர்கள் தீர்ப்பை எழுதிவிடுவார்கள். மீதி 30 நிமிடம் அவர்களுக்கு வேலை இல்லை.

3. விவரங்களைச் சரிபார்த்துவிட்டு, முடிவுக்குப் பக்கத்தில் தொடங்குங்கள்

கதை நிற்கும் தரை உறுதியா என்று வசனத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இந்த வீடு அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டியது, உயில் எழுதவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. ஆகவே கையெழுத்து ஒன்றல்ல, அம்மாவுடையதும் வேண்டும். இந்த ஒரு விவரம்தான் பின்னால் நாடகத்தைப் புரட்டப் போகிறது. அப்பா இறந்தபோது அவரைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் பாட்டி அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டதாக வைத்துவிட வேண்டும், வேறு வழியில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள் என்று வைத்தால் உணர்ச்சி கூடும் என்று தோன்றும். ஆனால் அதற்குள் வாரிசுச் சான்றிதழ் கையில் இருப்பது நம்பும்படியாக இருக்காது. பார்ப்பவர்களில் ஒருவராவது அந்தச் சான்றிதழுக்காக விஏஓ ஆபீஸ் படியேறி இறங்கியவராக இருப்பார். முதல் வருஷத் திதிக்கு மறுநாள் என்றால் சிக்கல் இல்லை, தங்கை ஊருக்கு வரக் காரணமும் கிடைத்துவிடுகிறது.

அடுத்து, எந்த நேரத்தில் திரை தூக்குவது? அப்பா சாவதிலிருந்து தொடங்கினால் பாதி நாடகம் அழுகையிலேயே போய்விடும். நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் (1879) நாயகி நோரா கள்ளக் கையெழுத்துப் போட்டது திரை தூக்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால். மேடையில் நடப்பது அது வெளிப்படும் சில நாட்கள் மட்டும். ஓரங்க நாடகத்துக்கு நாட்களும் அதிகம். நம்முடையது காலை 10.45க்குத் தொடங்குகிறது, கார் 11.20க்கு வரும். கதையில் ஓடுவது 35 நிமிடம், மேடையில் ஓடுவதும் 35 நிமிடம். சுவரில் ஓடும் கடிகாரம் ஒன்றை மாட்டினால் அவசரத்தை யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

4. ஐந்து சந்திகளாகப் பிரியுங்கள்

‘தொடக்கம், நடு, முடிவு’ என்ற பிரிப்பு எழுதுபவருக்கு உதவாது, நடுவில் என்ன செய்வதென்று அது சொல்வதில்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் ஐந்து சந்திகள், அதாவது கதை வளரும் கட்டங்கள், கைக்கு வசதியானவை: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உழுத மண்ணில் விதை முளைப்பது, இலை விட்டு நாற்றாவது, கருக்கொள்வது, கதிர் முற்றுவது, அறுத்து உண்பது என்று அவற்றுக்குப் பயிரை உவமையாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள்.

முகம் (0–5): பத்திரம் எழுதுபவர் பத்திரம், பேனா, ஸ்டாம்ப் பேட் மூன்றையும் மேசையில் வைக்கிறார். முருகேசன் தங்கையைச் சாப்பிடச் சொல்கிறான். என்ன வேண்டும் என்பது ஐந்து நிமிடத்துக்குள் மண்ணுக்கு மேலே தெரிந்துவிட வேண்டும்.

பிரதிமுகம் (5–13): செல்வி தள்ளிப்போடுகிறாள். கண்ணாடியைத் தேடுகிறாள், பத்திரத்தை முழுதும் படிக்க வேண்டும் என்கிறாள். ஒவ்வொரு தள்ளலுக்கும் முருகேசன் வேறு வழி பார்க்கிறான்: முதலில் பாசம், அப்புறம் அவசரம், அப்புறம் கோபம்.

கருப்பம் (13–23): அட்வான்ஸ் விஷயம் வெளியே வருகிறது. பேச்சு பாசத்திலிருந்து பேரத்துக்கு இறங்கி, ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்கிறார்கள். முடிந்தது என்று அவர்களும் நினைக்கிறார்கள், பார்ப்பவர்களும் நினைக்கிறார்கள்.

விளைவு (23–31): ‘அம்மா ஒரு ரேகை வெச்சுட்டாங்கன்னா கிளம்பிடலாம்’ என்கிறார் பத்திரக்காரர். அம்மா வருகிறாள். பேரத்தில் அவள் எங்கே இருப்பாள் என்று இரண்டு பிள்ளைகளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

துய்த்தல் (31–35): கார் ஹார்ன் அடிக்கிறது. யார் எழுந்திருக்கிறார், யார் உட்கார்ந்தே இருக்கிறார்.

புதியவர்கள் வழக்கமாகச் சறுக்குவது மூன்றாவது சந்தியில். இரண்டாவதில் நடந்த சண்டையையே சத்தம் கூட்டித் திரும்ப நடத்துவார்கள். கருப்பம் என்ற பெயரை நினைவில் வையுங்கள்: பயிர் உயரமாவது மட்டும் போதாது, உள்ளே புதிதாக ஒன்று உருவாக வேண்டும். அட்வான்ஸ் தெரியவந்தபின் செல்விக்கு வேண்டியதே மாறிவிடுகிறது. அதுவரை மரியாதை கேட்டவள், இப்போது பணம் கேட்கிறாள்.

இன்னொரு சறுக்கல் முடிவை வெளியிலிருந்து வரவழைப்பது. மாரடைப்பு, லாட்டரி, போலீஸ், மனம் மாறிய கடன்காரரின் போன். முடிவுக்கான விதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் மேடையில் கிடக்க வேண்டும். நம் விதை அந்த ஸ்டாம்ப் பேட். அண்ணனும் தங்கையும் படித்தவர்கள், பேனா போதும். பிறகு ரேகை மை யாருக்கு? இந்தக் கேள்வி 23 நிமிடம் யார் மனதிலும் எழாமல் மேசை மேலேயே கிடக்கிறது.

5. வருகை–போக்குப் பட்டியல்

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய படி இதுதான். பெரும்பாலோர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

ஒரு தாளில் ஆறு கட்டம் போடுங்கள்: நிமிடம், யார் வருகிறார், எதற்காக, யார் போகிறார், எதற்காக, இப்போது மேடையில் இருப்பவர்கள். ஆள் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் அது புதுத் துண்டு. இருவர் இருக்கும்போது பேசக்கூடியது மூன்றாமவர் வந்தால் பேசக்கூடாததாகிவிடும். நாடகத்தின் வேகம் இந்த மாற்றங்களில்தான் இருக்கிறது. 35 நிமிடத்துக்கு ஒன்பது முதல் பதினொரு துண்டுகள் வரலாம். ஆறு நிமிடத்துக்கு மேல் ஆள் மாறாமல் ஓடும் துண்டுக்குள் வலுவான திருப்பம் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

பட்டியலின் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

13ஆம் நிமிடம்: பத்திரக்காரர் போகிறார். காரணம், டிரைவர் வழி கேட்டுப் போன் செய்கிறார், வாசலில்தான் சிக்னல் கிடைக்கும். மேடையில் அண்ணன், தங்கை.

14: அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று, இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறாள். மிக்ஸி ஓடும் சத்தம்.

16: பத்திரக்காரர் பாதி உள்ளே வந்து, ‘அட்வான்ஸ் கொடுத்தவரும் நேரா ஆபீஸுக்கே வந்துடறாராம்’ என்கிறார். செல்விக்கு இது புதுச் செய்தி. தப்பாக வாயைவிட்டது தெரிந்து, அவர் திரும்ப வெளியே.

16–22: அண்ணனும் தங்கையும் மட்டும். தொகை பேசப்படுகிறது. 19ஆம் நிமிடத்தில் மிக்ஸி நிற்கிறது. பேரம் முடியும்வரை மறுபடி ஓடவில்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். அம்மா மேடையில் இல்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும், பிள்ளைகள் இருவருக்கும் தெரியாது. இதை வசனத்திலிருந்து தொடங்கியிருந்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ‘அம்மா இந்த ஆறு நிமிடம் எங்கே இருக்கிறாள்’ என்று பட்டியலில் ஒரு கட்டம் காலியாக நின்றதால் கிடைத்தது.

‘எதற்காக’ என்ற கட்டங்களில் ‘காபி கொண்டுவர’ என்று இரண்டு தடவைக்கு மேல் வந்தால் நாடகம் நொண்டுகிறது என்று பொருள். ஒருவர் போவதற்குக் காரணம் அவருடைய தேவையாக இருக்க வேண்டும், எழுதுபவரின் வசதியாக இருக்கக்கூடாது. பத்திரக்காரர் வாசலுக்குப் போவது சிக்னலுக்காக மட்டுமல்ல, குடும்பச் சண்டை தொடங்கும் வாடை அடித்ததும் நழுவுவது அவர் தொழில் பழக்கம். நடிகர் அதை ஒரு பார்வையில் காட்டிவிடுவார்.

யார் எந்தப் பக்கம் போகிறார் என்பதையும் எழுதுங்கள். இடப்பக்கம் சமையலறை, வலப்பக்கம் வாசல். இடப்பக்கம் போனவர் வலப்பக்கமாக வந்தால் வீட்டைச் சுற்றி வந்ததாக ஆகிவிடும். ஒரே நடிகருக்கு இரண்டு வேடம் என்றால், போவதற்கும் மறுவேடத்தில் வருவதற்கும் நடுவே இரண்டு நிமிடமாவது விடுங்கள். புடவை மாற்ற அதுவும் போதாது.

6. மேடைப் பொருள்கள்

யாராவது தொடும் பொருளை, அல்லது கதையில் வேலை செய்யும் பொருளை மட்டும் எழுதுங்கள். மற்றது அலங்காரம், அதை மேடை அமைப்பவர் பார்த்துக்கொள்வார். நமக்கு எட்டு போதும்: மேசை, மூன்று நாற்காலி, கடிகாரம், மூலப் பத்திரம் இருக்கும் மஞ்சப்பை, விடுதலைப் பத்திரம், பேனா, ஸ்டாம்ப் பேட், இட்லித் தட்டு.

சாப்பாட்டுக் காட்சியில் எச்சரிக்கை. இட்லி வாயில் இருக்கும்போது வசனம் குழறும், நாலு ஒத்திகைக்கும் இட்லி வாங்கவும் முடியாது. செல்வி தட்டைப் பிடித்திருக்கட்டும், பிட்டுப் பிட்டு வைக்கட்டும், சாப்பிட வேண்டாம். அவள் தள்ளிப்போடுவதற்கும் அது பொருந்துகிறது.

7. இப்போது வசனம்

மேலே உள்ளவை முடிந்திருந்தால் வசனம் இரண்டு மூன்று அமர்வில் வந்துவிடும். வராவிட்டால் குறை வசனத்தில் இல்லை, பட்டியலுக்குத் திரும்புங்கள்.

புதியவர் எழுதும் முதல் வடிவம் பெரும்பாலும் இப்படித்தான்:

முருகேசன்: செல்வி, நம்ம அப்பா செத்து ஒரு வருஷம் ஆச்சு. அவர் கட்டின இந்த வீட்டுல உனக்கும் பங்கு இருக்கு. எனக்குக் கடன் இருக்கறதால நீ விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடணும்.
செல்வி: எனக்குப் பணம் முக்கியமில்லண்ணே. நீ என்னை மதிக்கலைங்கறதுதான் என் வருத்தம்.

இதில் இரண்டு கோளாறுகள். ஒன்று, அப்பா செத்து ஒரு வருஷம் ஆனது செல்விக்குத் தெரியும். முருகேசன் அதைச் சொல்வது அவளுக்கல்ல, நமக்கு. இரண்டு, மனதில் இருப்பதை இருவரும் அப்படியே கொட்டிவிட்டார்கள். நடிகர் நடிக்க எதுவும் மிச்சமில்லை.

மாற்றி எழுதினால்:

முருகேசன்: இன்னொரு இட்லி வைக்கச் சொல்லவா?
செல்வி: வேணாம், பஸ்ல குமட்டும்.
முருகேசன்: பஸ் எதுக்கு? ஆபீஸ் வேலை முடிஞ்சதும் கார்லயே கொண்டுபோய் விடச் சொல்லிட்டேன். திருப்பூர் வரைக்கும்.
செல்வி: போன தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரக்கூட உனக்கு நேரமில்ல.
முருகேசன்: (பேனா மூடியைக் கழற்றி) ஒரு நிமிஷ வேலை செல்வி.
செல்வி: இட்லி ஆறுதுண்ணே.

பங்கு, கடன், மதிப்பு என்ற சொற்களே இல்லை. ஆனால் காரைப் பற்றிய பேச்சில் மூன்றும் இருக்கின்றன. வேண்டாம் என்ற இட்லியே கடைசி வரியில் அவளுக்குக் கேடயமாகிறது. பேச்சுக்கு அடியில் ஓடும் பேச்சை இப்படித்தான் வைக்க வேண்டும்: ஆட்கள் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டே இன்னொன்றுக்காகச் சண்டை போடுவார்கள்.

ஆளுக்கு ஆள் பேச்சு மாற வேண்டும். சரிபார்க்க எளிய வழி, பெயர்களைக் கையால் மறைத்துவிட்டு வாசிப்பது. யார் பேசுவது என்று தெரியாவிட்டால் எல்லோரும் உங்கள் குரலில் பேசுகிறார்கள். பத்திரக்காரர் எதையும் ‘பண்ணிரலாம் சார், ஒண்ணும் பிரச்சனையில்ல’ என்று தொடங்குவார். அம்மா பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள்.

உச்சத்தில் வசனத்தைக் குறையுங்கள். 29ஆம் நிமிடத்தில் அம்மாவுக்கு அரைப்பக்கப் பேச்சு எழுதக் கை துறுதுறுக்கும். ‘பத்து மாசம் சுமந்த’ என்று தொடங்கும் அந்தப் பேச்சைப் பார்ப்பவர்கள் நூறு தடவை கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில்:

அம்மா: (பேடைப் பார்த்தபடி) இது எனக்குத்தானா?
பத்திரக்காரர்: ஆமாங்கம்மா. இடது பெருவிரல்.
அம்மா: வெச்சுட்டு நான் எந்த வீட்டுல போய்க் கையைக் கழுவறது?

யாரும் பதில் சொல்வதில்லை. அம்மா பேடின் மூடியைச் சாத்தி, மடியில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போகிறாள். மிக்ஸி மறுபடி ஓடுகிறது.

8. அடைப்புக்குறிக்குள் என்ன எழுதுவது

கதையை மாற்றும் செயலை மட்டும் எழுதுங்கள். மூடியைச் சாத்துவது அவசியம். ‘(கண்கள் கலங்க, குரல் தழுதழுக்க, ஆழ்ந்த சோகத்துடன்)’ அவசியமில்லை. எப்படிச் சொல்வது என்பது நடிகரும் இயக்குநரும் ஒத்திகையில் கண்டுபிடிக்க வேண்டியது. எழுதிவைத்தால் அவர்கள் கண்டுபிடிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மௌனத்தை மட்டும் கட்டாயம் குறியுங்கள். ‘யாரும் பதில் சொல்வதில்லை’ என்று எழுதாவிட்டால், வசனம் மறந்துவிட்டதோ என்று பயந்து அடுத்தவர் முந்திப் பேசிவிடுவார்.

9. வாசித்து, நேரம் பார்த்து, வெட்டுங்கள்

நாலு பேரை உட்காரவைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்காதீர்கள், விளக்கமும் சொல்லாதீர்கள். நாக்கு இடறும் இடத்தில் ஒரு கோடு, யாராவது தாளைப் புரட்டி மீதி எவ்வளவு என்று பார்க்கும் இடத்தில் இரண்டு கோடு.

உட்கார்ந்து வாசிக்க 27 நிமிடம் ஆனால் மேடையில் ஏறக்குறைய 35 ஆகும். நடப்பது, எழுவது, சிரிப்புக்கு நிற்பது எல்லாம் கூடும். வாசிப்பே 35 என்றால் எட்டு நிமிடம் வெட்ட வேண்டும். வெட்டும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல்லாகக் கிள்ளினால் நாடகம் வற்றிப்போகும், நேரமும் பெரிதாகக் குறையாது. பட்டியலை எடுத்து முழுத் துண்டாகத் தூக்குங்கள். எந்தத் துண்டு இல்லாவிட்டாலும் அடுத்தது நடக்குமோ, அது போகலாம். பெரும்பாலும் அது உங்களுக்கு மிகப் பிடித்த துண்டாக இருக்கும்.

முதல் இரண்டு பக்கத்தை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள். முதல் நிமிடத்தில் கூட்டம் இன்னும் நாற்காலியை இழுத்துக்கொண்டிருக்கும். முக்கியமான தகவல் எதையும் அதில் வைக்காதீர்கள், வைத்தால் பின்னால் இன்னொரு தடவை வேறு வாயில் வரட்டும்.

பிரதி எடுக்கும்போது வலப்பக்கம் இரண்டு அங்குலம் வெற்றிடம் விடுங்கள், நடிகர்கள் குறிப்பெழுத. வருகை–போக்குப் பட்டியலைப் பெரிய எழுத்தில் இரண்டு பிரதி எடுத்து, இரண்டு பக்கப் படுதாவுக்குப் பின்னாலும் ஒட்டிவிடுங்கள். ஸ்டாம்ப் பேட் தகர மூடி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த மூடி சாத்தும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும்.